ஒத்திகை முதலாளி

ஒத்திகையில் மோன்ஜியா பதினாறு பெண்களைக் கைவிட்டுவிட்டாள்.

அது ஆறு மாத ஃபெலோஷிப். தங்கள் ஊருக்கு நியாயம் கேட்டுப் போராடுகிறவர்களைத் தலைவர்களாக உருவாக்கும் பயிற்சி. சனிக்கிழமைதோறும் துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரில் வகுப்பு. ஆலிவ் தோட்டக் கூலிகள் சார்பில் மோன்ஜியா வந்திருந்தாள்.

தோட்ட முதலாளியிடம் அவள் கேட்கவேண்டியது ஒன்றுதான். பெண்களை நிற்கவைத்து அள்ளிப்போகும் திறந்த லாரிக்குப் பதிலாக, சீட்டுள்ள ஒரு பஸ். போன அறுவடையில் லாரி கவிழ்ந்து, அவள் தங்கை இன்னும் இடுப்பு ஒடிந்து கிடக்கிறாள்.

"முதலாளி யாரு?" தலைநகர் துனிஸிலிருந்து வந்த பயிற்சியாளர் சல்வா கேட்டாள்.

"ஹாஜி லாமின்."

"சரி. ஹாஜியா யார் நடிக்கிறீங்க?"

அதுவரை வகுப்பில் வாயே திறக்காத நௌஃபல் எழுந்தான். "நான்."

நடிப்பா அது? போனைப் பார்த்தபடியே பேசினான். அவளை உட்காரச் சொல்லவில்லை.

"உன் புருஷன் எங்க? அவனை அனுப்பு."

"செத்துட்டாரு, ஹாஜி."

"அதான் கேக்க ஆளில்லாம கிளம்பி வந்திருக்கே."

மோன்ஜியாவுக்குக் கண் நிறைந்தது. உடனே அவன் குரலைத் தணித்தான்.

"சரி சரி, அழாதே. உன்னைப் பார்த்தா பாவமா இருக்கு. நாளையிலேருந்து நீ டிரைவர் பக்கத்துல முன்சீட்டுல வா. போதுமா?"

"போதும் ஹாஜி, நல்லா இருப்பீங்க" என்றுவிட்டாள்.

நௌஃபல் போனைக் கீழே வைத்தான். "முடிஞ்சுது. மத்த பதினாறு பேரும் பின்னால நிக்கட்டும். நல்ல தலைவி."

"டேய், உங்கம்மா வயசுடா அவங்களுக்கு" என்றான் பக்கத்தில் இருந்த ஹாத்திம்.

"அடுத்த வாரமும் நான்தான் முதலாளி" என்றான் நௌஃபல்.

மதியம் எல்லோரும் ஒரே தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து கூஸ்கூஸ் சாப்பிட்டார்கள். அவனுக்கு யாரும் நகர்ந்து இடம் விடவில்லை. படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து, ரொட்டியில் மிளகாய் விழுதைத் தடவித் தின்றான்.

அடுத்த சனிக்கிழமையும் அதே கதை. அதற்கடுத்ததும்.

"அவனை மாத்திடவா அக்கா?" என்றாள் சல்வா.

"வேணாம். விஷம் அவன். ஒருதடவையாவது அவனை வாயடைக்க வெச்சுட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்."

அறுவடை வந்தது. பதினாறு பெண்களையும் வெளியே நிறுத்திவிட்டு, மோன்ஜியா ஹாஜியின் அறைக்குள் போனாள்.

ஹாஜி லாமின் போனைப் பார்த்தபடியே பேசினார். உட்காரச் சொல்லவில்லை.

"உன் புருஷன் எங்க? அவனை அனுப்பு."

மோன்ஜியாவுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு ஓரடி முன்னால் வைத்தாள்.

"செத்துட்டாரு. உங்க மரத்துல பழம் பறிக்கிறது நான். அதனால நான் வந்திருக்கேன்."

ஹாஜி நிமிர்ந்தார். பஸ் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். குரல் தணிந்தது.

"பாவம்தான் நீ. சரி, நாளையிலேருந்து நீ மட்டும் டிரைவர் பக்கத்துல முன்சீட்டுல..."

"முன்சீட்டுல பதினேழு பேர் உட்கார முடியாது, ஹாஜி."

அவர் மறுபடி போனை எடுத்தார். அவள் தொடர்ந்தாள்.

"பஸ் வந்தா நாங்க வருவோம். வராட்டி பழம் மரத்துலயே இருக்கட்டும். மழை வந்து உலுக்கிக் கொட்டிட்டுப் போகும். உங்க இஷ்டம்."

ஹாஜி ஜன்னல் பக்கம் திரும்பினார். வாசலில் பதினாறு பேர். மேலே கறுத்த மேகம்.

"திங்கட்கிழமை பஸ் வரும், போ."

"வெளியே வந்து அவங்ககிட்டயே சொல்லிடுங்க."

அவர் முனகிக்கொண்டே எழுந்து செருப்பை மாட்டினார். "உனக்கு யாரு இப்படிப் பேசக் கத்துக்குடுத்தது?"

பதில் சொல்லத் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். கதவுக்கு மேலே ஒரு படம். பட்டமளிப்பு அங்கி போட்ட ஒரு பையன்.

"எங்க வகுப்புல ஒருத்தன்" என்றாள், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "பேரு மறந்துபோச்சு."

அவள் பார்வை போன இடத்தை ஹாஜியும் பார்த்தார். முகம் இளகியது.

"அது என் மகன். ஸ்ஃபாக்ஸ்ல வேலை தேடிட்டிருக்கான். ரொம்பச் சாது. என் முன்னால வாயே திறக்க மாட்டான், எங்க நௌஃபல்."