ஊதாத் துணி

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் கோயில் சுரூபங்களை, அதாவது புனிதர் சிலைகளை, மூடுகிற ஊதாத் துணியால் வீட்டு ஏசியையும் மூடிக் கட்ட வேண்டும் என்று ஆயர் சொல்லிச் சில வருஷம் ஆகிவிட்டது. சூடேறும் பூமிக்காக ஓர் ஒறுத்தல், ஒரு தவம். தெருவில் முதல் முடிச்சுப் போடுவது எப்போதும் ஜெனோவாதான். மாதர் சபைத் தலைவி அல்லவா!

புனித வாரத்தில் வெயில் ஆளைக் கொன்றது. நெஞ்சு நோயோடு கட்டிலில் கிடந்த புருஷன் மிக்கேல் கெஞ்சினார்.

"ஏளா, கொஞ்ச நேரம் அவுத்து விடேன். சீக்காளிக்கு விலக்கு உண்டுன்னு சாமியாரே சொன்னாருல்லா?"

"தலைவி வீட்டுலயே அவுத்தா ஊரு சும்மா இருக்குமா? ஈஸ்டர் வரட்டுங்க" என்று ஈரத்துண்டைப் பிழிந்து அவர் மார்பில் போட்டாள்.

பெரிய வெள்ளியன்று காலையில் அவர் எழுந்திருக்கவில்லை.

மகன் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். ஐஸ் பெட்டி வந்து இறங்கியது. அதற்கு எந்த ஒறுத்தலும் கிடையாது. சாமியார் ஜெபம் சொல்லிவிட்டு, சுவரில் ஊதாத் துணியைப் பார்த்ததும் தலை குனிந்துகொண்டார்.

அழ வந்த பெண்கள் வியர்வையோடு பெட்டியை ஒட்டி ஒட்டி உட்கார்ந்தார்கள். அந்தத் தெருவிலேயே அது ஒன்றுதான் குளிர்ந்துகொண்டிருந்தது.

ஜெனோவா பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டாள்:

"ஏங்க, இப்பக் குளுருதா?"