நாற்பத்தேழாவது ஆள்

"மேல போங்க! எறங்காதீங்க!"

ஒலிபெருக்கியில் கத்திக் கத்தி அன்பழகனுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

ரப்பர் மரங்கள் நின்ற மேட்டிலிருந்து இரண்டு பெண்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். அவசரமாக. கையில் கயிற்றோடு.

ஐந்தாவது முறையாக.

நிக்கோபாரின் கச்சால் தீவுக்கு அவனை அனுப்பிய வேலை சுலபமானது. சுனாமி ஒத்திகை. அவன் விசில் ஊதியதும் தோட்டக் குடியிருப்பின் நாற்பத்தாறு பேரும் போட்டது போட்டபடி மேட்டுக்கு ஓட வேண்டும். பதினைந்தாவது நிமிடத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் மேலே இருக்க வேண்டும். இருந்தால் படிவத்தில் 'தயார்' என்று எழுதிவிட்டு அவன் கப்பலேறலாம்.

கப்பல் இன்று மாலை நான்கு மணிக்கு. விட்டால் அடுத்தது பத்து நாள் கழித்து. வெள்ளிக்கிழமை போர்ட் பிளேரில், குட்வில் எஸ்டேட் பகுதி வீட்டில், மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மெயின்லேண்டிலிருந்து வந்து இறங்கியாயிற்று. அப்பாவைத்தான் காணோம்.

ஓடுவதில் இவர்களைக் குறை சொல்ல முடியாது. இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்த கால்கள். ஐந்தே நிமிடத்தில் ஏறிவிடுகிறார்கள்.

ஏறியதும்தான் வினை.

உடனே பெரட்டு எடுக்கிறார்கள். காலையில் வேலைக்கு முன் தோட்டத்து ஆட்களைக் களத்தில் வரிசையாக நிறுத்தி எண்ணுவார்களே, அதே பெரட்டு. அந்த இரண்டு பெண்களில் ஒருத்தியான ராஜகுமாரி நோட்டைப் பிரித்துப் பேர் வாசிப்பாள். முடித்ததும் முகம் மாறும். மற்றவள் செல்லத்தைக் கூட்டிக்கொண்டு விடுவிடுவென்று கீழே வந்துவிடுவாள்.

"ஒரு ஆளு கொறையுது சார்."

முதல் தடவை, அன்று சாயங்காலமே வீடு வீடாகப் போய் அவனே எண்ணினான். நாற்பத்தாறு. அவள் நோட்டில் நாற்பத்தேழாம்.

இரண்டாம் தடவை அவனுக்குப் பொறி தட்டியது. ஏழு வருடத்துக்கு முன் கடல் உள்ளே வந்தபோது இங்கே ஆள் பறிகொடுக்காத வீடு இல்லை. போன யாரையோ இன்னும் கணக்கில் வைத்திருக்கிறார்கள். யாரென்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.

அந்த இரக்கம் மூன்றாவது ஒத்திகை வரை தாங்கியது. நான்காவதில் பல்லைக் கடித்தான்.

இன்று பல்லும் வலித்தது.

ராஜகுமாரியும் செல்லமும் மூச்சிரைக்க அவன் முன்னால் வந்து நின்றார்கள். ஸ்டாப்வாட்சில் எட்டு நிமிடம்.

"ஏம்மா, உங்களுக்கு நான் எந்த பாஷையில சொல்றது? தண்ணி வர்ற நேரத்துல எறங்கினா நீங்களும் சேந்து போவீங்க. மொதல்ல ஓடு, அப்பறம் எண்ணு!"

"ஓடிட்டுத்தான சார் எண்ணுனோம்?" என்றாள் செல்லம்.

அவன் ஒலிபெருக்கியைத் தரையில் வைத்தான். வைக்காவிட்டால் எறிந்திருப்பான்.

"கடல் வந்த அன்னைக்கு ஞாயித்துக்கெழம சார்," என்றாள் ராஜகுமாரி. "பெரட்டு இல்ல. யாரு வந்தா, யாரு வரலன்னு ஒரு மனுசருக்கும் தெரியல. தெரிஞ்சிருந்தா எறங்கிப் போயித் தூக்கியிருப்போம்."

அவன் கோபம் ஒரு விநாடி தடுமாறியது. கப்பல் ஞாபகம் வந்ததும் மறுபடி நிமிர்ந்தது. நோட்டை வெடுக்கென்று பிடுங்கினான்.

"போனவங்க போயிட்டாங்கம்மா. அந்தப் பேர அடிங்க மொதல்ல!"

"அய்யய்ய, அப்பிடிச் சொல்லாதீங்க சார். நல்லா நிக்கிற மனுசன!" ராஜகுமாரி பதறினாள்.

கடைசிப் பக்கம். பேனாவில் நாற்பத்தாறு பேர். அதற்குக் கீழே, பென்சிலில் ஒன்று.

விசில் சார்.

"களத்துல நிக்கிற ஆளு பேரு நோட்டுல ஏறணும், அதான் பெரட்டு," என்றாள் ராஜகுமாரி. "நீங்க என்னான்னா ஒவ்வொரு தடவையும் விசில ஊதிப்புட்டு இங்கனயே நின்னுக்கிறீங்க. நாங்க என்னா செய்யிறது?"

செல்லம் கயிற்றை அவன் இடுப்புப் பக்கம் நீட்டி அளவு பார்த்தாள்.

"இன்னைக்குக் கட்டி இழுத்துட்டுப் போறதுன்னு முடிவு சார்."

அன்பழகன் ஸ்டாப்வாட்சைப் பார்த்தான். எட்டு நிமிடம் ஐம்பது விநாடி.

ஓடினான்.

மேடு கீழிருந்து பார்த்ததுபோல் இல்லை. ஷூ வழுக்கியது. தொப்பை முன்னால் போக மறுத்தது. இரண்டு முறை ரப்பர் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். முன்னால் ஏறிக்கொண்டிருந்த ராஜகுமாரி திரும்பிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"என்னா சார் இது, கல்யாணத்துக்கு வர்ற மாதிரி வாறீங்க! தண்ணி வருது சார்! ஜல்தி!"

உச்சியில் நாற்பத்து நான்கு பேர் வரிசை கலையாமல் நின்றிருந்தார்கள். செல்லமும் ராஜகுமாரியும் சேர்ந்துகொண்டார்கள். வரிசையின் கடைசியில் ஒரு ஆள் இடம் விட்டிருந்தது. நோட்டை ராஜகுமாரியிடம் நீட்டிவிட்டு அதில் போய் நின்றான்.

"விசில் சார்?"

மூச்சு வாங்கியபடி கையைத் தூக்கினான்.

"நாப்பத்தேழு. ஆள் சரி."

பதினாலு நிமிடம் நாற்பத்தெட்டு விநாடி.

படிவத்தில் 'தயார்' என்று எழுதும்போதுதான் அவனுக்கு அந்தப் பென்சில் பேர் ஞாபகம் வந்தது.

"ராஜகுமாரிம்மா. நாலு மணிக்கு நான் கப்பல் ஏறிடுவேன். அந்தப் பேர அடிச்சிருங்க. நாளைக்கு நெசமாவே தண்ணி வந்து, இல்லாத ஆளத் தேடி எறங்கிடப் போறீங்க."

ராஜகுமாரி நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கப்பல் ஜெட்டிக்கு வந்து, அது கெளம்புறதப் பாத்துட்டு அடிக்கிறேன்," என்றாள் சலிப்போடு. "அதுவரைக்கும் இந்த மேட்டுப் பக்கமாவே நில்லுங்க சார்."