சொன்னதையே சொல்கிற சிப்

குஞ்சு பொரிக்கும் பெட்டி ஒன்றில், சூடு எவ்வளவு என்று பார்த்துச் சொல்கிற சென்சார் ஒருவர் இருந்தார். உடம்பு மிளகு அளவு, குரல் கொசு அளவு, கௌரவம் மட்டும் யானை அளவு. அவர் "முப்பத்தெட்டு" என்றால், பக்கத்திலிருந்த சிப் அதைக் கூட்டாமல் குறைக்காமல் "முப்பத்தெட்டு" என்று பெட்டியைச் சூடாக்குகிற ஹீட்டரிடம் திடமாகச் சொல்லும். முட்டைகளுக்கும் அந்தச் சூடுதான் இதம்.

சென்சாருக்குப் பொறுக்கவில்லை. "நான் சொன்னதையே திருப்பிச் சொல்ல எதுக்குய்யா ஒரு ஆள்? தள்ளி உட்காரு, நானே பேசிக்கிறேன்."

சிப் தள்ளி உட்கார்ந்தது.

ஹீட்டரோ முரட்டு ஆள். காது கொடுத்துக் கேட்டாலே, பேசுகிறவரின் தெம்பையும் சேர்த்து உறிஞ்சிவிடும். சென்சார் "முப்பத்தெட்டு" என்று வாயைத் திறந்தார்; தெம்பெல்லாம் வடிந்து "பன்னிரண்டு" என்றுதான் வெளியே வந்தது.

"அடப்பாவமே, இவ்வளவு குளிரா!" என்று ஹீட்டர் செக்கச்செவேலென்று காய்ந்தது. சென்சார் பதறிப்போய்க் கத்தினார். ஹீட்டர் காதில் அது "ஒன்பது" என்றுதான் விழுந்தது.

"யோவ், நாங்க குஞ்சாகணுமா, அவிஞ்ச முட்டையாகணுமா?" என்று முட்டைகள் அலறின.

சிப் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தது. "நாற்பத்தொன்று" என்று சென்சார் ஈனசுரத்தில் சொன்னதை, அப்படியே தன் சொந்தத் தெம்பில் அழுத்தந்திருத்தமாகச் சொன்னது. ஹீட்டர் நாக்கைக் கடித்துக்கொண்டு அணைந்தது.

சென்சாருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "என்ன இருந்தாலும் இந்தச் சிப் தண்டம்தான்" என்று வாய்க்குள் முணுமுணுத்தார்.

"என்ன இருந்தாலும் இந்தச் சிப் தண்டம்தான்!" என்று பெட்டி முழுக்கக் கேட்கும்படி திடமாகச் சொன்னது சிப்.