பின்னால் ஓர் ஆள்

“கையை எடுங்க சார்.”

“பின்னால சாயுது பாரு... பாருங்க மேடம். விழுந்துடப் போறீங்க.”

“விழுந்தா எழுந்துக்கறேன். கையை எடுங்க.”

காண்ட்ராக்டர் மனமில்லாமல் சக்கர நாற்காலியின் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார்.

பல்கலைக்கழக நூலகத்தின் புதிய சாய்தளத்தில், கதவுக்குச் சற்றுக் கீழே, அந்த மாணவி இரண்டு சக்கரங்களையும் இறுகப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் திறப்பு விழா. சிவப்பு ரிப்பன்கூடத் தயார். மாணவர் பிரதிநிதியாக அவள் ஏறிப் பார்த்து ‘சரி’ என்று சொல்வதுதான் பாக்கி.

ஒரு கையால் கதவை இழுத்தாள். மறு கையிலிருந்த சக்கரம் நழுவியது. நாற்காலி கோணலாகத் திரும்பிப் பின்வாங்கியது. கதவை விட்டுவிட்டுச் சக்கரத்தைப் பிடித்தாள். கதவு தானாக மூடிக்கொண்டது. மறுபடி முயன்றாள். மறுபடியும் அதே கதை.

“ஆச்சாம்மா?” என்றார், கீழே நிழலில் நின்ற பல்கலைக்கழகப் பொறியாளர். “பந்தல்காரங்க வர்ற நேரம்.”

அவள் காண்ட்ராக்டரைப் பார்த்தாள். “இந்தக் கதவை யார் சார் திறப்பாங்க?”

“தள்ளிட்டு வர்றவங்க.”

“தள்ளிட்டு வர ஆள் இல்லேன்னா?”

காண்ட்ராக்டர் குனிந்து சாய்தளத்தைப் பார்த்தார்.

“நாற்காலியில சிமெண்ட் மூட்டையை வெச்சு நானே தள்ளிப் பார்த்தேன் மேடம்,” என்றார் மெதுவாக. “வெண்ணெய் மாதிரி ஏறிச்சு.”

“சிமெண்ட் மூட்டை தனியா லைப்ரரிக்கு வராது சார். நான் வருவேன்.”

பொறியாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு மேலே ஏறி வந்தார். “சரிம்மா, இப்போதைக்கு ஓகேன்னு சொல்லிடு. கதவுகிட்ட ஒரு ஆளை நிறுத்திடலாம்.”

“அந்த ஆள் சாப்பிடப் போனா நான் வெளியிலேயே உட்கார்ந்திருக்கணுமா? கதவுக்கு முன்னால நாற்காலி நிக்கச் சமமா இடம் வேணும் சார். சரிவையும் குறைச்சு, நீட்டிக் கட்டணும்.”

“இதை உடைச்சா நஷ்டம் உனக்குத்தான். லைப்ரரிக்குள்ள போகணும்னு மனு மேல மனு போட்டதே நீதானே?”

அது சுருக்கென்று தைத்தது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அலமாரிகள் வரிசையாக நின்றன. முதல் அலமாரியின் ஓரத்தில் ஒரு நீலப் புத்தகம் பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

“பேர் தெரிஞ்ச புத்தகத்தை மட்டும்தான் சார் நான் படிச்சிருக்கேன். பேரைச் சொன்னா ஃபிரண்ட்ஸ் எடுத்துட்டு வந்து தருவாங்க. பேரே தெரியாத ஒண்ணை நானா உருவிப் பார்க்கணும்னு எவ்வளவு ஆசை தெரியுமா?”

“அப்போ சரின்னு சொல்லேன்!”

“மாட்டேன். ரிப்பன் வெட்டற அன்னிக்குத் தள்ளறதுக்கு நான் நீன்னு வருவாங்க. மறுநாள் ஒருத்தர் இருக்க மாட்டாங்க.”

பொறியாளர் காண்ட்ராக்டர் பக்கம் திரும்பினார். “நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. கட்டினது உங்க கைதானே?”

“மேடம் சொல்றதுதான் சரி. உடைச்சு, என் செலவுலயே கட்டித் தர்றேன் சார்.”

கட்டியது சரியில்லை என்று ஆன பிறகு, பரிசு வாங்கியவர் போல் இந்த மனிதர் ஏன் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறார் என்று பொறியாளருக்கு விளங்கவில்லை.

“இவளைப் பெத்தவங்க வீட்டுல எப்படித்தான் குப்பை கொட்டறாங்களோ!”

“கஷ்டம்தான் சார்,” என்றார் காண்ட்ராக்டர்.

அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. பொறியாளர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, “விழா தள்ளிப் போகுதுங்க...” என்றபடி நடந்தார்.

அவர் மறைந்ததும் அவள் சாய்தளத்தில் இறங்கி வெளிவாசலை நோக்கிச் சக்கரத்தைச் சுழற்றினாள். காண்ட்ராக்டரும் கூடவே நடந்தார், கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு.

“ஒரு தடவை ‘பாரு’ன்னுட்டீங்க.”

“உடனே மாத்திட்டேன்ல?”

“கோபமா?”

“என் மேலதான். ஒண்ணாவது வகுப்புலேருந்து தள்ளின கை இது. பின்னால ஆளே இல்லாம ஒரு நாற்காலி வரும்னு இந்தக் கைக்குத் தோணவே இல்ல.”

வெளிவாசல் வந்தது. அவர் கோத்திருந்த கைகளைப் பிரித்தார்.

“பஸ் ஸ்டாப் வரைக்கும் மட்டும்... அப்பா தள்ளிட்டு வரட்டுமாம்மா?”