பேரை எடுத்துடுங்க

"என் பொண்ணு பேரை எடுத்துடுங்க சார். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

லியேன் உட்காரக்கூட இல்லை. அடுத்த வருஷம் பிள்ளைகள் எந்தெந்தப் பாடம் எடுப்பது என்று பெற்றோர் விசாரித்துப் போகும் மாலை அது. இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி ஊரில் அந்தப் பள்ளியின் அரங்கில் பாடத்துக்கு ஒரு மேசை போட்டிருந்தார்கள். கணக்கு மேசையின் வரிசை கதவுவரை நீண்டிருந்தது. 'நாடகம்' என்று அட்டை வைத்த மேசையின் முன்னால் ஆளே இல்லை. மேசைக்குப் பின்னால் இருந்த மெத்தை நாற்காலியில் பருத்த மனிதர் ஒருவர் மட்டும் பிஸ்கட் மென்றுகொண்டிருந்தார்.

"இல்லம்மா, நான் வந்து..."

"இந்த வருஷம்தான் புதுசா வந்த டீச்சர்னு கீலி சொன்னா. உங்களைக் குறை சொல்லல. ஆனா நாடகமும் கம்ப்யூட்டரும் ஒரே நேரத்துல வருது. ரெண்டுல ஒண்ணுதான் எடுக்கலாம். அவ கம்ப்யூட்டர் எடுக்கட்டும்."

மகள் கீலி அவளோடு உள்ளே வரவில்லை. "நீ பேசிட்டு வா, நான் உன்னைத் தெரியாத மாதிரி நிக்கறேன்" என்று வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஆனா பாருங்க, நான்..." என்றார் அவர் மறுபடி.

"நாடகம் எங்க வீட்ல இலவசமாவே நடக்குது சார். தட்டு கழுவச் சொன்னாப் போதும், அழுகை, மயக்கம், எல்லாம் உண்டு. ரெண்டு வருஷம் மரமா நின்னா அதுக்கு மார்க்கா? நாளைக்கு யார் வேலை குடுப்பா? சூப்பர்மார்க்கெட் வாசல்ல கேரட் வேஷம் போட்டு நிக்கணும்."

அவர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். முன்பே எங்கோ கேட்ட பேச்சைத் திரும்பக் கேட்பவர்போல முகம் சுளித்தார்.

"உக்காருங்கம்மா," என்றார்.

எதிரே இருந்தது பிள்ளைகள் உட்காரும் தாழ்ந்த பிளாஸ்டிக் நாற்காலி. லியேன் அதில் உட்கார்ந்தாள். முடி திருத்தும் கடையில் நாள் முழுக்க நின்ற கால்கள் அவளை உட்காரச் சொல்லின.

"எங்க கீலியைத் தெரியும்தானே?"

"முகம் ஞாபகம் வரலம்மா."

வகுப்புக்கு முப்பது பேர், பாவம். அவர் நகக்கண்களில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. மேடைக்கு வண்ணம் அடித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

"எனக்கு ஒரு பையனைத் தெரியும்," என்றார் அவர். "வீட்ல எது கேட்டாலும் 'ம்'. ரொம்பக் கேட்டா 'ம்ஹும்'. அவ்வளவுதான் பேச்சு. கிறிஸ்துமஸ் சமயத்துல இதோ இந்த மேடையில ஒரு கிழவனா வந்தான். கதவைத் திறந்து வந்தான். முழங்காலைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்தான். ஒரு பெருமூச்சு விட்டான். அச்சு அசல் அவன் அப்பன் வேலை முடிஞ்சு வந்து உக்கார்ற மாதிரியே."

"அட."

"ஊரே சிரிச்சுது. அவன் அப்பனுக்கு மட்டும் சிரிப்பு வரல. பையன் போனைத் தவிர எதையும் நிமிர்ந்து பாக்கறதில்லன்னு நினைச்சிட்டிருந்தவன். ஆனா பையன் தினம் அப்பனைப் பாத்துக்கிட்டேதான் இருந்திருக்கான்."

லியேனுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை நினைவு வந்தது. கீலி தம்பியை உட்காரவைத்து, அவன் தலையைச் சற்றே சாய்த்து, விரல்களைக் கத்தரியாக்கி, "அப்புறம், லீவுக்கு எங்கயாவது போறீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கடையில் லியேன் வாடிக்கைக்காரர்களிடம் பேசும் அதே குரல், வலிக்கிற இடுப்பில் அதே கை. கேலி செய்கிறாள் என்று லியேன் அன்று திட்டிவிட்டாள்.

"என்னை மாதிரியே செய்வா சார்," என்றாள். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. "வாடிக்கைக்காரங்க டிப்ஸ் தராமப் போனா நான் ஒரு சிரிப்பு சிரிப்பேன். அதைக்கூட விடல."

"பாத்தீங்களா."

"வேலை கிடைக்குமா சார், இதைப் படிச்சா?"

"சத்தியமா எனக்குத் தெரியாதும்மா."

இத்தனை மேசைகளில் உண்மை பேசிய முதல் வாத்தியார் இவர்தான் என்று லியேனுக்குப் பட்டது. வாசல் பக்கம் திரும்பிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். அதுவரை அவளைத் தெரியாததுபோல் நின்ற கீலி, தன் பக்கத்தில் நின்ற யாரையோ கட்டிப்பிடித்துக் குதித்தாள்.

"அவ பேரு இருக்கட்டும் சார். ரொம்ப நன்றி."

அப்போது கையில் மின்கம்பிச் சுருளோடு ஓர் இளம்பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"மன்னிச்சுக்கங்க, இதைத் தேடிப் பள்ளிக்கூடம் முழுக்கச் சுத்திட்டேன். நான்தான் நாடக டீச்சர்." அந்த மனிதரைப் பார்த்தாள். "நீங்க ரீஸோட அப்பாதானே? அவன் பேரை எடுக்கச் சொல்ல வருவீங்கன்னு காலையிலயே மூஞ்சியத் தூக்கிவச்சுக்கிட்டுச் சொன்னான்."

லியேன் அவரைப் பார்த்தாள். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, நீளமாக ஒரு பெருமூச்சு விட்டு, டீச்சரின் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"அதுக்குத்தான் வந்தேன் மிஸ்," என்றார். "நான் சொல்ல வந்த அத்தனையையும் இந்தம்மா எனக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க. கேக்க நல்லாவே இல்ல."