எந்த சிஸ்டம் போடுவது?

மாலை வெயில் ஜன்னல் கம்பிகளுக்கிடையே நுழைந்து, மேசைமேல் திறந்து கிடக்கும் பழைய கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் விழுகிறது. உள்ளே தூசி பஞ்சாய் அடைந்திருக்கிறது. விசிறிக் காற்றில் ஒரு செத்த கரப்பானின் இறக்கை துடிக்கிறது. வேலை முடிந்து வந்த நர்ஸம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் முகம் சுளித்து நிற்கிறாள். வீட்டுப் படங்களையெல்லாம் சேர்த்துவைக்க அதைச் சர்வராக்கப் போகிறார்களாம், அவள் புருஷனும் தம்பியும். எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் என்பதில்தான் காலையிலிருந்து சண்டை. “லினக்ஸ் போடுங்க மாமா, கல்லு மாதிரி நிக்கும்.” “நீ ஊருக்குப் போயிட்டா அந்தக் கல்லை யாரு தள்றது, உங்க பாட்டனா? விண்டோஸே போதும் மச்சான்.” தம்பியின் பிஸ்கட் தூள் அப்பிய விரல் மவுஸில் பிசுபிசுக்கிறது. ‘டிஸ்க் முழுவதையும் அழிக்கலாமா?’ என்று கேட்டபடி திரை காத்திருக்கிறது. “அதுலதானே செத்துப்போன அம்மா பேசுற வீடியோ இருக்கு. வேற எங்கயாவது எடுத்து வச்சீங்களா?” என்கிறாள். “மாமா எடுத்திருப்பாருன்னு...” “மச்சான் எடுத்திருப்பான்னு...” அவள் பிளக்கைப் பிடுங்குகிறாள். பையிலிருந்து ரப்பர் கையுறையை எடுத்து மாட்டி, வயரில் தொங்கும் டிஸ்க்கை உருவி, தூசியைத் துடைத்து, கைக்குட்டையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொள்கிறாள். “இப்ப எந்த எழவையாவது போட்டுக்கோங்க.” சீப்பை ஒளித்துவைத்ததால் கல்யாணம் நின்றுபோன மாப்பிள்ளைகளைப்போல, இருவரும் அந்தக் காலி வயிற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.