ஏரிக்குள் ஓடியவர்கள்

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில், அடிமைக் கப்பல்களுக்கு ஆள் பிடிக்கும் அரசனின் படை ஊருக்குள் புகுந்தது. செனாமி, அழுகைச் சத்தம் கேட்காதபடி கைக்குழந்தையின் வாயைப் பொத்தித் தோளில் போட்டுக்கொண்டு, கணவன் தோசுவோடு ஏரிக்குள் ஓடினாள். இடுப்பளவுத் தண்ணீரில் வெகுதூரம் நடந்தபின் திரும்பிப் பார்த்தார்கள். வீரர்கள் கரையிலேயே நின்றிருந்தார்கள்.

“ஏன் வரல?” என்றாள் செனாமி.

“தண்ணிக்குள்ள கால் வைக்க அவங்க சாமி விடாதாம்.”

சாயங்காலம் படை திரும்பிப் போயிற்று.

“கரைக்குப் போகலாமா?” என்றான் தோசு.

“திரும்ப வருவாங்க. இங்கயே இருந்துடலாம்.”

“தண்ணியிலயா?”

அவள் காலால் அடியைத் துழாவினாள். “சேறு கெட்டியாத்தான் இருக்கு. கம்பு நட்டு வீடு கட்டினா நிக்கும்.”

தோசு சிரித்துவிட்டான். குழந்தை வீறிட்டு அழுதது. இந்த முறை யாரும் அதன் வாயைப் பொத்தவில்லை.